தோட்டா ரீலோடிங்: கையேடு படித்தவர்களும் செய்யும் தவறுகள்

சுட்டு முடித்த பித்தளைக் கேஸை எறிந்துவிடாமல், புது பிரைமர் (கேஸின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்து, பவுடர் அளந்து போட்டு, புல்லட் பொருத்தி மறுபடி தோட்டாவாக்கும் வேலையை நான் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். சமீபத்தில் இதைப் புதிதாக ஆரம்பித்த இரண்டு பேருடன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இருவருமே பொறுமைசாலிகள், கையேட்டை வரிவரியாகப் படித்தவர்கள். அப்படியும் நான் ஆரம்பத்தில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக அவர்கள் கையில் திரும்ப வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பவுடர் பக்கத்தில் சிகரெட் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டத்தைப் பார்க்காமல் கருவி வாங்குவது

சில நாடுகளில் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் தோட்டா செய்யத் தனி அனுமதி வேண்டும். வீட்டில் எவ்வளவு பவுடர், எத்தனை பிரைமர் வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. முதலில் இது.

டையை அளக்காமல் இறக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத தவறு இதுதான். நூறு நல்ல கேஸ்களை இதில் இழந்தேன். கேஸ் போனது கூடப் பரவாயில்லை, ஆபத்து அவ்வளவு பக்கத்தில் வந்து போனது பிறகுதான் தெரிந்தது.

.223, .308 போன்ற ரைஃபிள் கேஸ்களுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு தோள், அதாவது கேஸ் குறுகும் சரிவு, இருக்கும். சேம்பருக்குள், அதாவது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள், கேஸ் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தோள்தான். சுடும்போது கேஸ் விரிந்து சேம்பரின் அளவுக்கு வந்துவிடும். அதை மறுபடி உள்ளே போகும் அளவுக்கு அமுக்கித் தருவது சைஸிங் டை.

டையுடன் வரும் தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: பிரஸ்ஸின் ராமை (கேஸை மேலே தள்ளும் தண்டை) மேலே ஏற்று, ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டை) தொடும்வரை டையைத் திருகு, அப்புறம் இன்னும் கால் சுற்று திருகு. நானும் அப்படியே செய்தேன். தோட்டா சேம்பருக்குள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்படிப் போனதே எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

அந்த வழுக்கலில்தான் சிக்கல். அந்தத் தாள் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் தோட்டாவைச் செய்வதற்காக எழுதப்பட்டது. உங்கள் சேம்பர் கொஞ்சம் ஆழமாக இருந்தால், டை தோளைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளிவிடும். பிறகு டிரிகரை அழுத்தும்போது நடப்பது இது. ஃபயரிங் பின் பிரைமரை அடித்ததும் கேஸ் முன்னால் நகர்ந்து சேம்பரின் தோளில் முட்டி நிற்கிறது. அழுத்தம் ஏறியதும் கேஸின் மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அசையாது. தடித்த அடிப்பகுதி மட்டும், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் முட்டும்வரை பின்னால் போகிறது. ஒட்டிக்கொண்ட பகுதிக்கும் பின்னால் போகும் பகுதிக்கும் நடுவே, அடித்தடிப்புக்குச் சற்று மேலே, பித்தளை இழுபடுகிறது. அடுத்த முறை டை மறுபடி தோளைத் தள்ளுகிறது, பித்தளை மறுபடி இழுபடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கேஸ் நன்றாகத்தான் தெரியும். உள்ளே அந்த இடத்தில் சுவர் தேய்ந்துகொண்டே வரும்.

நான்காவது தடவை சுட்டபோது என் .308 வழக்கத்தை விட வித்தியாசமாகச் சத்தம் போட்டது. முகத்தில் லேசாகக் காற்று அடித்தது. போல்ட்டை இழுத்தால் கேஸின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது, மீதி சேம்பரில் சிக்கியிருந்தது. .308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. அதில் ஒரு பங்கு பின்பக்கம் கசிந்தால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கண்ணாடி போட்டிருந்தேன். உடைந்த துண்டை எடுக்கத் தனிக் கருவி வாங்கினேன். மீதிக் கேஸ்களையும் பரிசோதித்து, ஒன்று விடாமல் நசுக்கிப் பழைய பித்தளையில் போட்டேன். ஒழுங்காக அளந்து செய்திருந்தால் அவை இன்னும் பல தடவை வந்திருக்கும்.

கால் சுற்று என்பது எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு சுற்று 0.071 அங்குலம், கால் சுற்று கிட்டத்தட்ட 0.018 அங்குலம். பிரஸ்ஸின் தளர்வு அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள் பின்னால் போக வேண்டியது 0.001 அல்லது 0.002 அங்குலம்தான். தானாக லோட் ஆகும் ரைஃபிளுக்கு 0.003 அல்லது 0.004.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? வெர்னியர் காலிப்பரில் மாட்டும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டர் (கேஸின் அடியிலிருந்து தோள்வரை அளக்க உதவும் துணைக்கருவி) ஒன்று வாங்குங்கள். பிரஸ்ஸுக்கு அடுத்து நான் வாங்கச் சொல்வது இதைத்தான். உங்கள் துப்பாக்கியில் சுட்ட கேஸ்களின் பழைய பிரைமரை முதலில் வெளியே தட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிதுங்கிய பிரைமர் அளவைக் கெடுக்கும். அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேஸை நம்பாதீர்கள், ஐந்தாறு அளந்து பாருங்கள். டையை ஷெல் ஹோல்டருக்கு மேலே இடைவெளி விட்டு நிறுத்தி, துளித் துளியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் குழம்புவார்கள். டையை இறக்க இறக்க முதலில் அளவு குறையாது, கூடும். டை பக்கச் சுவரை அமுக்கும்போது பித்தளைக்குப் போக்கிடம் இல்லாமல் தோள் மேலே ஏறுகிறது. நான் அருகில் உட்கார்ந்திருந்தவரில் ஒருவர் இதைப் பார்த்து, காலிப்பர் கெட்டுவிட்டது என்று நினைத்து டையை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டார். அவசரப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் இறக்கினால் டை தோளைத் தொடும், அளவு குறைய ஆரம்பிக்கும். வேண்டிய அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கி, இன்னும் மூன்று கேஸ் போட்டு அளந்து உறுதி செய்யுங்கள். சைஸ் செய்யும் முன் தடவும் லூப் (மசகு) ஒரு கேஸில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தால் அளவும் தாறுமாறாக வரும்.

ஏற்கெனவே நாலைந்து தடவை சுட்ட கேஸ்கள் கையில் இருந்தால், ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைச் சின்னதாக மடக்கிக் கூராக்குங்கள். கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். அடித்தடிப்புக்குச் சற்று மேலே பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. வெளியே பளபளப்பான வளையம் தெரிவதும் ஒரு அறிகுறிதான். ஆனால் டை தொட்ட இடத்திலும் அதே மாதிரி கோடு விழும் என்பதால் நான் கிளிப்பைத்தான் நம்புகிறேன். அன்று அந்த இன்னொருவருடைய கேஸ்களிலும் விட்டுப் பார்த்தோம். மூன்று தடவை மட்டுமே சுட்டவை. ஐம்பதில் பதினொன்றில் கிளிப் தட்டி நின்றது. அவரும் அந்தத் தாளில் இருந்தபடியேதான் டையை இறக்கியிருந்தார்.

பழைய .303 பிரிட்டிஷ் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கேஸ் சேம்பரில் நிற்பது தன் அடி விளிம்பில், தோளில் அல்ல. போர்க்களத்துச் சேறு, தூசியிலும் தோட்டா ஏற வேண்டும் என்று அந்த ராணுவ ரைஃபிள்களின் சேம்பரைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள். முதல் தடவையிலேயே தோள் நிறைய முன்னால் போய்விடும். அதைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளினால் கேஸ் சீக்கிரமே உடையும். அதே துப்பாக்கிக்கு மட்டும் என்றால் கழுத்தை மட்டும் சைஸ் செய்யுங்கள்.

தராசை நம்புவது

மின்னணுத் தராசில் ஒரே பொத்தான் கிரெய்னையும் (பவுடரை அளக்கும் எடை அலகு) கிராமையும் மாற்றும். 1 கிராம் 15.43 கிரெய்ன். கை தவறிப் பட்டு அலகு மாறியிருக்கும், புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். எடை தெரிந்த சோதனைக்கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துக் கேஸுக்கு ஒரு தடவை அதை வைத்துப் பாருங்கள். கல் தவறான எடை காட்டினால் முந்தைய பத்தையும் கொட்டிவிட்டு மறுபடி அளங்கள். சோம்பல் படாதீர்கள்.

ஒரு பொருளை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் இருப்பது

பிரைமர், கேஸ், புல்லட் இவற்றில் எது மாறினாலும் கையேட்டின் ஆரம்ப அளவுக்குத் திரும்பிப் போக வேண்டும். ராணுவக் கேஸ்களின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். உள்ளே இடம் குறைவு, அதே பவுடருக்கு அழுத்தம் அதிகம். "போன மாதம் இதே அளவுதானே போட்டேன்" என்று சொன்னவரிடம் நான் கேட்டது, போன மாதம் இதே கேஸா என்றுதான். அவர் வேறு கேஸில் போட்டிருந்தார்.

இரட்டைப் பவுடர்

.38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-ல் வந்தது. கரும்பவுடர் கொள்ளும் அளவுக்குப் பெரிய கேஸ் அது. இன்றைய வேகமான பிஸ்டல் பவுடர் அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். இரண்டு தடவை போட்டாலும் வழியாது, அதனால் கைக்குத் தெரியாது. ஐம்பது கேஸையும் பிளாக்கில் (துளைப்பலகையில்) நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்த பிறகே புல்லட்டைத் தொடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் கேஸைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள்.

சத்தம் குறைந்த ஷாட்டை அலட்சியப்படுத்துவது

பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தாலும் புல்லட் பேரலுக்குள் போய் நின்றுவிடும். அடுத்த ஷாட் பேரலை வீங்க வைக்கும், அல்லது கிழிக்கும். நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியும்வரை அடுத்த தோட்டா இல்லை.

புல்லட் உள்ளே அமுங்குவதைச் சோதிக்காமல் விடுவது

9 எம்எம் மாதிரிச் சின்னக் கேஸில் இது பெரிய விஷயம். புல்லட் கொஞ்சம் உள்ளே போனாலே பவுடருக்கு இருக்கும் இடம் சுருங்கி அழுத்தம் வேகமாக ஏறும். முடிந்த தோட்டாவின் நீளத்தை அளந்து, நுனியை மேஜை விளிம்பில் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் கழுத்துப் பிடி போதவில்லை.

சைஸ் செய்வதற்கு முன் நீளம் வெட்டுவது

சைஸிங்கில் கேஸ் நீளும். .308-க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டியது 2.005. அளப்பது சைஸிங்குக்கு அப்புறம்.

ஹாப்பரில் (பவுடர் அளவியின் மேல் கலத்தில்) பவுடரை விட்டுவிட்டுத் தூங்கப் போவது

நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் பிளாஸ்டிக்கை அரிக்கும். அதை விட மோசம், அடுத்த வாரம் அது எந்தப் பவுடர் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாகச் சொல்ல முடியாத பவுடர் துப்பாக்கிக்கு வேண்டாம்.

லேபிள்

எந்தத் தோட்டாவில் என்ன போட்டீர்கள் என்று செய்த அன்றே எழுதுங்கள்.

ஈயத்தை மறப்பது

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கேஸ்களை டம்ப்ளர் என்ற எந்திரத்தில் உலர் முறையில் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசியில் அதுதான் இருக்கிறது. டம்ப்ளரை வீட்டுக்குள், அதிலும் குழந்தைகள் தவழும் அறையில், ஓட்ட வேண்டாம். வெளியே வைத்து ஓட்டுங்கள், மூடியைத் திறக்கும்போது மாஸ்க் போடுங்கள். பெஞ்சில் டீயும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதே சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.