குஞ்சு காணாம போனதுக்கு சேவல் சண்டைதான் காரணம்

வீட்டு கோழி 12 குஞ்சு பொரிச்சுது, ஒரு வாரத்துல 7 தான் மிச்சம். முதல்ல கீரின்னு நெனச்சு கூட்டுக்கு வலை அடிச்சேன், ஆனா போனதெல்லாம் பகல்ல, அதுவும் காலைல பத்து மணி வாக்குல. அப்புறம் வல்லூறா இருக்கும்னு நெனச்சு, மினுங்கினா பயப்படும்னு பழைய சிடி கட்டி தொங்கவிட்டேன், ரெண்டு நாள் வேலை செஞ்சுது, மூணாவது நாள் வல்லூறு அதுக்குப் பக்கத்துலயே வந்து உக்காருது!

ஒரு நாள் வேலைய விட்டுட்டு திண்ணையில உக்காந்து பாத்தேன். பெரிய சேவல் எப்பவும் ஒரு கண்ண சாய்ச்சு மேல பாக்கும், நிழல் தெரிஞ்சா இழுத்து ஒரு சத்தம் குடுக்கும், குஞ்செல்லாம் பொதருக்குள்ள ஓடிரும். ஆனா எட்டு மாச எளஞ்சேவல் இப்ப அதுகூட மல்லுக்கு நிக்குது, ரெண்டும் கொண்டைய கொத்திக்கிட்டு சுத்துறப்ப வானத்த பாக்க ஆளே இல்ல, வேப்பமரத்து பட்ட கொம்புல காத்திருக்கிற வல்லூறு அந்த நேரம் பாத்து எறங்குது.

குஞ்சுகள மேய விடுற நேரத்துல எளசை பஞ்சாரத்துல, அதான் கோழி அடைக்கிற கூடையில, கவுத்துட்டேன், சாயங்காலம் பெருச அடைச்சப்புறம்தான் அது வெளிய வரும். பட்ட கொம்ப வெட்டிட்டேன், நடு முத்தத்துல தென்னமட்டை நாலு சாய்ச்சு வச்சேன் ஒளியிறதுக்கு. இன்னையோட 19 நாள், 7ம் இருக்கு. எளச வித்துரலாம்னு வீட்டுல சொல்றாங்க, நல்ல கறுப்பு சேவல், மனசு வரல.