மூங்கில் சுறா விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

காசிமேட்டில் விடியற்காலையில் திருக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் முக்கால் மீட்டர்கூட இல்லாத ஒரு பழுப்புச் சுறா கிடந்தால், பார்க்கிறவர்கள் உடனே "ஐயோ, குட்டியைப் பிடிச்சுட்டாங்களே" என்பார்கள். பல நேரம் அது குட்டியே இல்லை. சாம்பல் மூங்கில் சுறா முழுசாக வளர்ந்தாலே சுமார் 77 செ.மீ. தான். நீளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆணாக இருந்தால் வயிற்றுத் துடுப்பை ஒட்டி விரல் மாதிரி இரண்டு உறுப்புகள் நீண்டு விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது வளர்ந்த சுறா. குட்டிக்கு உடம்பில் கருமையான பட்டைகள் இருக்கும், வளர வளர மங்கிவிடும். பட்டையைப் பார்த்து இது வேறு இனம் என்று குழம்பிவிடக் கூடாது. மூக்கருகே இருக்கும் மீசையைப் பார்த்துக் கெளுத்தி என்பவர்களும் உண்டு.

அப்புறம், சுறா நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் செத்துவிடும் என்ற நம்பிக்கை. இது கடலடித் தரையில் வாழ்கிற சுறா. பகலில் கரையோரப் பாறை இடுக்கில் அசையாமல் படுத்திருக்கும், வாயை அசைத்துத் தண்ணீரைச் செவுளுக்குள் தள்ளியே மூச்சுவிடும், இரவில்தான் நண்டு, இறால், சின்ன மீன் தேடிக் கிளம்பும். ஆக்சிஜன் குறைந்தாலும் இந்த வகைச் சுறாக்கள் நெடுநேரம் தாங்கும். அதனால் படகுத் தளத்தில் சும்மா கிடக்கிறதே என்று செத்ததாக எண்ணிவிடாதீர்கள், உயிரோடு கடலில் விட நேரம் இருக்கலாம்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். கொளத்தூரில் வாங்கும் வண்ணமீன் தொட்டி இதற்குப் போதாது, கூர்மையான கல் வயிற்றைக் கீறும்.

எனக்கு மனசு வலிப்பது இந்தச் சுறாவின் முட்டை விஷயத்தில்தான். வலையில் பாசியோடு சிக்கி வரும், தோல் பை மாதிரித் தட்டையான பழுப்பு உறையைக் குப்பை என்று பிய்த்துக் கரையில் வீசிவிடுகிறோம். வெயிலில் காய்ந்தால் உள்ளே வளரும் சுறா போச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரு தெரியலாம், ஆனால் அது அசையவில்லை என்பதால் காலி உறை என்று சொல்லிவிட முடியாது. இதன் உறவினமான பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவின் கருக்களை 2013இல் ஆராய்ந்தபோது, எதிரியின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்புலம் போன்ற ஒன்றை உணர்ந்ததும் அவை மூச்சைக்கூட நிறுத்தி உறைந்துபோனதைக் கண்டார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே! அதனால் உறை கையில் கிடைத்தால் பிய்க்காமல், கடல் தண்ணீர் வாளியில் போட்டு, அடுத்த முறை படகு போகும்போது வலை இழுத்த பக்கமாகவே இறக்கிவிடச் சொல்லுங்கள்.