சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியலும் அன்றாட வாழ்க்கையுமாகப் பல ஆண்டுகள் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, பதிப்பகங்களின் பதிலுக்குக் காத்திருக்காமல் தாங்களே புத்தகமாகப் போடுகிறவர்கள் இன்று நிறைய. நானும் அப்படித்தான் போடுகிறேன். இந்த வழியை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் சொந்தமாகப் போடத் துணிந்த அன்றே நாம் பதிப்பாளராகவும் ஆகிவிடுகிறோம். அந்த வேலையைக் காசு கொடுத்து வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் ஒப்பந்தம். அட்டை, அச்சு, விற்பனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத்தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. செய்கிற வேலைக்குக் காசு கொடுப்பது சரி. அதோடு உரிமையையும் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள் பலர். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்ற சொற்கள் வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். செலவு முழுக்க உங்களுடையது என்றால் இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். அதனால்தான் “பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்” என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பதிப்புரிமைக் காலம் என்பது உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. தனி எழுத்தாளரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது, அரசியல் கட்டுரைகளை எழுதியது எழுதியபடியே அள்ளிப் போடுவது. “போன வாரம் சட்டமன்றத்தில்”, “நேற்று வந்த தீர்ப்பு”, “இப்போதைய அமைச்சர்” என்றெல்லாம் நாளிதழில் எழுதலாம். ஐந்து வருடம் கழித்துப் புத்தகத்தைப் பிரிக்கிறவருக்கு எந்த வாரம், எந்த அமைச்சர் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதிய தேதியைப் போடுங்கள். அப்புறம், கருத்து மாறியிருந்தால் பழைய கட்டுரையைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பை வரவேற்று எழுதிய ஒருவர், செல்லாத நோட்டுகளில் ஏறக்குறைய 99 சதவீதம் திரும்பிவிட்டதாக 2017 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொன்னதைப் பார்த்து மனம் மாறியிருக்கலாம். இரண்டு கட்டுரைகளையும் தேதியோடு சேர்த்துப் போட்டால், ஒரு குடிமகன் செய்தியைப் படித்து யோசித்த விதம் பதிவாகும். முதல் கட்டுரையின் வரிகளை மாற்றிவிட்டுப் பழைய தேதியிலேயே வெளியிட்டால் அது வாசகரை ஏமாற்றுவது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

பதிப்பகத்தில் ஒரு ஆசிரியர் இருந்தால் “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்டிருப்பார். இங்கே கேட்க ஆளில்லை. முகநூலில் கோபத்தில் எழுதியது அப்படியே அச்சுக்குப் போய்விடுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுப்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவதூறு என்று தெரிந்தே அச்சிட்டவரும் விற்றவரும்கூட அதில் மாட்டுவார்கள். அதே பிரிவு, பதவியில் இருப்பவர் பதவியில் செய்ததை நல்லெண்ணத்தோடு விமர்சிக்கவும் இடம் தருகிறது. ஆகவே பயந்து பின்வாங்க வேண்டாம். அமைச்சர் கொடுத்த உத்தரவைப் பற்றி எவ்வளவு காரமாக வேண்டுமானாலும், அந்த உத்தரவின் தேதியோடும் எண்ணோடும் எழுதுங்கள். அவர் குடும்பத்தைப் பற்றிக் காதில் விழுந்ததை எடுத்துவிடுங்கள்.

அன்றாட வாழ்க்கையை எழுதுவதில் இதைவிட நுட்பமான ஒரு தவறு இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கடன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் விவாகரத்து, நண்பனின் குடிப்பழக்கம் எல்லாம் நல்ல கட்டுரையாகும். ஆனால் அவர்கள் யாரும் நம்மிடம் புத்தகத்துக்காகப் பேசவில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெருவும் தொழிலும் அப்படியே இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காகக் கேட்காமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

சினிமாப் பாட்டு வரிகளை அத்தியாயத் தலைப்பில் போடும் வழக்கமும் இருக்கிறது. 1981இல் மறைந்த ஒரு கவிஞரின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் 1949இலேயே நாட்டுடைமையாகிவிட்டன, அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

அமேசானின் கிண்டிலில் மின்னூல் போடுகிறவர்கள், மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத உரிமத்தொகை (ராயல்டி) வேண்டுமென்றால் அதில் சேரத்தான் வேண்டும். ஆனால் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்தப் புத்தகம் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக்கூடாது. உங்கள் சொந்த இணையதளமும் இதில் அடக்கம். பழைய கட்டுரைகளைத் தொகுப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: எல்லாக் கட்டுரைகளும் ஏற்கெனவே இணையத்தில் திறந்து கிடக்கும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

அச்சில் 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறையும் என்பது உண்மைதான். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் போக எஞ்சும் பணத்தில் போடுகிறவர், தேவைக்கேற்ப அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் 50 பிரதியோடு தொடங்கலாம். விலை வைக்கும்போது கடைக்காரருக்கான கழிவையும், புத்தகக் காட்சியில் வாசகருக்குத் தரும் 10 சதவீதத் தள்ளுபடியையும், தபால் செலவையும் முன்கூட்டியே கழித்துப் பாருங்கள்.

அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையும். கொம்பும் காலும் இடம் மாறும். வரி உடையும் இடத்தில் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கியிருக்கும். தாளில் எடுத்து, நீங்கள் ஒருமுறையும் வேறொருவர் ஒருமுறையும் படிக்க வேண்டும்.

புத்தகம் வந்ததும் நண்பர்களுக்கு அனுப்புகிறோம். சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்தப் பதிப்பாளர் இப்போது நீங்கள்தான். முதல் 50 பிரதியில் நான்கை இதற்கென்று எடுத்து வைத்துவிடுங்கள்.