சொசேஜும் கோவாவும் ஒரே சட்டியில்: தண்ணீர் ஊற்றும் முன் கவனிக்க வேண்டியவை

மாரி மழை விடாமல் பெய்யும் நாட்களில், கிளிநொச்சிப் பக்கத்து வீடுகளில் சோறு ஒன்று, கறி மூன்று என்று அடுப்பேற்ற மனம் வராது. சொசேஜ், கோவா, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே சட்டியில் ஏற்றி, ரொட்டியோடு சாப்பிட ஏற்ற இரவு அது. இவ்வளவு நல்ல சாப்பாடு பல வீடுகளில் வெளுத்த தண்ணீர்க் கறியாகிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிழை கத்தியிலேயே தொடங்கிவிடுகிறது. கோவாவைக் கண்டதும் நம் கை வறைக்கு அரிவதுபோல மெல்லியதாக அரியப் போய்விடும். வறை திறந்த தாச்சியில் வேகும், ஈரம் பறந்துவிடும். மூடிய சட்டியில் அந்த மெல்லிய இழைகள் குழைந்துவிடும். நெடுநேரம் வெந்தால் கோவாவிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஒரு கெட்ட நெடியையும் கிளப்பும். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். 12 முதல் 15 நிமிடம் போதும்.

பெரிய பிழை தண்ணீர். கோவாவின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீர்தான். மூடி போட்டுத் தணலைக் குறைத்தால் அது தானே இறங்கி வரும். கிழங்கு அடிப்பிடிக்காமல் இருக்கக் கால் கோப்பை நீர் விட்டால் போதும்.

போலந்திலும் ஜெர்மனியிலும் இந்தச் சமையலுக்குக் கொழுப்பு நிறைந்த, புகையூட்டிய பன்றியிறைச்சி சொசேஜைப் போடுவார்கள். அதிலிருந்து உருகும் கொழுப்பே கோவாவுக்குச் சுவை. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் கோழி சொசேஜில் அந்த அளவு கொழுப்பு இல்லை. அதனால் அதை நேரே கோவாவோடு அவிக்கக் கூடாது. அடி தடித்த சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, சரிவாக வெட்டிய துண்டுகளைக் கிளறாமல் விடுங்கள். ஓரம் சிவந்து, சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு பற்று படியும். கருகிவிட்டதென்று அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள்! சொசேஜை எடுத்து வைத்துவிட்டு வெங்காயத்தையும் உள்ளியையும் போட்டு அகப்பையால் சுரண்டினால், வெங்காயத்தின் ஈரத்திலேயே அந்தப் பற்று கழன்று வரும். முழுச் சட்டியின் ருசியும் அதில்தான் இருக்கிறது. பிறகு கிழங்கு, கட்டைத்தூள், மேலே கோவா. கடைசி ஐந்து நிமிடத்தில் சொசேஜ். உப்பை அதற்குப் பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்; சொசேஜில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பொதியில் ‘சமைக்காதது’ என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கோழி சொசேஜின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும்.

வாங்கும்போதே பொதியை அமத்திப் பாருங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே பனிக்கட்டி திரண்டிருந்தால், மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது குளிரில்லாமல் இருக்கக் கூடாது. நகரத்தில் வாங்கி உட்கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் மற்ற வேலைகளை முடித்துவிட்டு இதைக் கடைசியாக வாங்குங்கள்.

மிஞ்சினால், புளி விட்ட மீன்குழம்பைப் போல இதைச் சட்டியோடு விடியும்வரை மூடி வைக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றிரவு சாப்பிடுகிறவர்களை எண்ணி, அந்த அளவுக்கே சமையுங்கள்.