அன்சாக் பிஸ்கட்: ஓவனுக்குள் இறுகும் என்று காத்திருக்காதீர்கள்

ஏப்ரல் மாதம் பாதியைத் தாண்டிவிட்டால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல வீடுகளில் ஓட்ஸும் வெண்ணெயும் கோல்டன் சிரப் என்ற பொன்னிறக் கரும்புச் சர்க்கரைப் பாகும் சேர்ந்து வேகும் மணம் எழத் தொடங்கிவிடும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கிய, அன்சாக் (ANZAC) என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இரு நாட்டுப் படையினரின் நினைவைச் சுமந்து நிற்கும் அன்சாக் பிஸ்கட், மெல்பர்னுக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் உள்ளூர்ப் பண்டம். இந்த ஆண்டு நினைவு நாளுக்கு முந்தைய வாரம், ஊரிலிருந்து அண்மையில் குடியேறிய இரண்டு தோழியர் என் சமையலறைக்கு வந்து அதைச் செய்து பழகினார்கள். நான் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எந்த இடங்களில் தடுக்கினேனோ, அதே இடங்களில் அவர்களும் தடுக்கியதைப் பார்த்தபின் இதை எழுதத் தோன்றியது. ஓவனை முன்கூட்டியே சூடாக்குவது, தட்டில் பேக்கிங் பேப்பர் விரிப்பது போன்றவற்றை எல்லாச் செய்முறைகளும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் கையாளும் அளவு இது: ஓட்ஸ் ஒரு கப், மைதா ஒரு கப், நாட்டுச் சர்க்கரை நிறத்தில் கிடைக்கும் பிரவுன் சுகர் முக்கால் கப், உலர்ந்த தேங்காய்த் துருவல் முக்கால் கப், வெண்ணெய் 125 கிராம், கோல்டன் சிரப் இரண்டு மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, கொதிநீர் ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெயையும் சிரப்பையும் சேர்த்து உருக்கி, கொதிநீரில் கரைத்த சோடாவை அதில் ஊற்றி, நுரைத்ததும் உலர்ந்த பொருள்களோடு கலந்து, உருட்டித் தட்டி வேகவைக்க வேண்டும்.

ஊர்க் கரண்டியால் அளப்பது

ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி கொள்ளும். நியூசிலாந்திலும் நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவைக் கரண்டித் தொகுப்புகளிலும் அது 15 மில்லி. ஆஸ்திரேலியச் செய்முறையை வைத்துக்கொண்டு ஊரிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் அளந்தால், 40 மில்லி விழ வேண்டிய சிரப் 30 மில்லிதான் விழும். மாவு பிடிபடாமல் உதிரும். உதிர்கிறதே என்று தண்ணீர் தெளிப்பார்கள். வெந்தபின் பிஸ்கட் மாவாகவே வாயில் படியும். கரண்டியில் ஒட்டிக்கொண்டு வராத சிரப்பின் கணக்கு வேறு. ஆகவே பாத்திரத்தைத் தராசில் வைத்து, 55 கிராம் அளவுக்குச் சிரப்பை நேராக அதிலேயே ஊற்றிவிடுவது நல்லது.

பிஸ்கட் ஓவனுக்குள்ளேயே இறுக வேண்டும் என்று காத்திருப்பது

மற்ற எந்தத் தவற்றையும் ஓரளவு சரிக்கட்டிவிடலாம். இதைச் சரிக்கட்ட முடியாது. ஒருமுறை நடந்துவிட்டால் வெண்ணெய், சிரப், ஒரு மாலைப் பொழுது எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் யாராவது ஓவன் கதவைத் திறந்து, விரலால் பிஸ்கட்டை அழுத்திப் பார்த்து, "அக்கா, இன்னும் மெத்துமெத்துன்னுதானே இருக்கு, அஞ்சு நிமிஷம் விடலாமா?" என்று கேட்கும்போது எனக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

என் மகளின் பள்ளியில் நினைவு நாள் நிதிக்காகப் பண்டங்கள் விற்பதாக இருந்தது. நான்கு தட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு என நாற்பத்தெட்டு பிஸ்கட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். செய்முறை 12 நிமிடம் என்றது. 12 நிமிடத்தில் தொட்டுப் பார்த்தேன், விரல் பதிந்தது. 15 நிமிடத்திலும் பதிந்தது. 20 நிமிடத்தில்தான் ஓரம் சற்று விறைத்தது போல் தெரியவே நிம்மதியாக எடுத்து வைத்தேன். அடுத்த மூன்று தட்டுகளையும் அதே கணக்கில் வேகவிட்டேன். முதல் தட்டு ஆறும்வரை பொறுத்திருந்து ஒன்றைக் கடித்துப் பார்த்திருந்தால் மற்ற மூன்றும் பிழைத்திருக்கும். இரவு பத்து மணிக்குக் கடித்தபோது பல் இறங்கவில்லை; நாக்கில் கசப்பு மட்டும் நின்றது. மறுநாள் காலை வெறுங்கையோடு போய் நின்றதை என் மகள் நெடுநாள் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டில் எழுபதைக் கடந்த ஓர் ஆஸ்திரேலிய அம்மையார் இருந்தார். நடந்ததைக் கேட்டவர், மறுவாரம் என்னைத் தம் அடுப்படியில் நிறுத்திவைத்துக் காட்டினார். 12 நிமிடம் ஆனதும் தட்டை வெளியே எடுத்தார். உடனே தோசைத் திருப்பியை ஒரு பிஸ்கட்டின் அடியில் செருகித் தூக்கினார். அது இரு பக்கமும் தொங்கி, ஊத்தப்பம் போல மடிந்தது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்றைத் தூக்கினார். வளையாமல் நின்றது, ஆனால் நடுவில் இளக்கம் இருந்தது. கம்பித் தட்டுக்கு மாற்றி இருபது நிமிடம் ஆனபின் மூன்றாவதை எடுத்து என் காதருகே உடைத்தார். ஓரம் மட்டும் முறிந்து, உள்ளே மெல்லும் பதத்தில் நார்போல் இழுபட்டது. மூன்றும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் வெந்தவை.

கடலை மிட்டாய் செய்தவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். பாகு அடுப்பில் இருக்கும்வரை இளகித்தான் ஓடும். ஆறிய பிறகே கண்ணாடி போல இறுகும். அடுப்பிலேயே அது கல்லாக வேண்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. அன்சாக் பிஸ்கட்டும் பாகால் பிணைந்த பண்டம்தான். ஓவனின் சூட்டில் வெண்ணெய் எண்ணெயாக இருக்கும், சர்க்கரையும் சிரப்பும் குழம்பாக இருக்கும். ஆறும்போது வெண்ணெய் உறைந்து, பாகு இறுகி, ஓட்ஸைக் கட்டிப்பிடிக்கும். சூட்டிலேயே விறைப்பாகத் தெரிகிறது என்றால், மெல்லும் பதத்தைத் தரும் ஈரம் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று பொருள். அது ஆறினால் பல்லுக்கு ஆகாது.

நிறமும் இங்கே விரைவாக மாறும். கோல்டன் சிரப்பில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருப்பதாலும், சோடா மாவைக் காரத்தன்மை உள்ளதாக்குவதாலும் பொன்னிறத்திலிருந்து கரும்பழுப்புக்குப் போக இரண்டு நிமிடம் போதும். கருகிய வாடை வந்தபின் எடுப்பது பயனற்றது. விளிம்பு தேன் நிறத்துக்கு வந்து, நடுப்பகுதி இன்னும் வெளிர்ந்து, மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு அடங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டின் சூடே மிச்ச வேலையை முடிக்கும். மொறுமொறுப்பாகத்தான் வேண்டும் என்பவர்கள், சூட்டைப் பத்து டிகிரி குறைத்து நேரத்தைக் கூட்டலாமே தவிர, விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஒவ்வோர் ஓவனுக்கும் ஒரு குணம் உண்டு. விசிறி ஓடும் ஓவனில் 160 டிகிரி போதும், விசிறி இல்லாததில் 180 வேண்டும் என்பது பொது விதி. ஆனாலும் புதிய ஓவனில் நான் முதலில் இரண்டே இரண்டு பிஸ்கட்டை மட்டும் வேகவைத்து, முழுதும் ஆறவிட்டு, உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை வைப்பேன். என் தோழியருக்கு இந்த அரைமணி நேரக் காத்திருப்பு பெரும் சலிப்பைத் தந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கருகியதை எடுத்துக்கொண்டு, "போர்முனைக்கு அனுப்பியதும் கல் போலத்தானே இருந்தது" என்று ஆறுதல் சொல்பவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அது வேறு பண்டம். படையினருக்கு வழங்கப்பட்ட கடின பிஸ்கட்டில் வெண்ணெயும் இல்லை, சிரப்பும் இல்லை. அதை இடித்துக் கஞ்சியாக்கித் தின்றார்கள், சிலர் அதன் மேலேயே எழுதி வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். வீடுகளில் பெண்கள் செய்த ஓட்ஸ் பிஸ்கட் பல் உடைவதற்காகச் செய்யப்பட்டதன்று.

பச்சைத் தேங்காயைத் துருவிப் போடுவது

நம் கைக்கு இயல்பாக வருவது இதுதான். பச்சைத் துருவலிலும் கடைகளில் கிடைக்கும் உறைந்த துருவலிலும் உள்ள நீர் மாவை இளக்கிவிடும். பிஸ்கட் ஓவனில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துருவலே வேண்டும். தேங்காய் பிடிக்காதவர்கள் அதை அறவே விட்டுவிட்டு ஓட்ஸைக் கூட்டிக்கொள்ளலாம். தொடக்க காலச் செய்முறைகளில் தேங்காய் இருந்ததில்லை.

முட்டை சேர்ப்பது

வேண்டாம்.

சோடாவை மாவோடு கலந்துவிடுவது

சோடா கொதிநீரில் கரைந்து, சிறிதளவு புளிப்புத்தன்மை உள்ள சூடான சிரப்பில் விழும்போது பாத்திரம் முழுவதும் வெண்ணுரை பொங்கி எழும். அந்த நுரை அடங்குவதற்குள் மாவில் ஊற்றிக் கிளற வேண்டும் என்பதால், உலர்ந்த பொருள்களை முதலிலேயே கலந்து வைத்திருங்கள். பாத்திரமும் பெரிதாக இருக்கட்டும். சிறிய பால் பாத்திரத்தில் செய்த என் தோழி ஒருவர் பாதியை அடுப்பின் மேல் இழந்தார். நுரைக்கவே இல்லை என்றால் சோடா பழையது. பேக்கிங் பவுடர் இதற்கு மாற்று ஆகாது. அளவைக் கூட்டினால் சோப்பு வாடை வரும்.

உடனடி ஓட்ஸ்

கூழாகிவிடும். தட்டையாக உருட்டிய முழு ஓட்ஸ் வாங்குங்கள்.

சிரப்புக்குப் பதிலாக வெல்லப்பாகு

ஊரில் இருப்பவர்கள் கோல்டன் சிரப் கிடைக்கவில்லை என்று கேட்கும் கேள்வி இது. கோல்டன் சிரப் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. அதன் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளவுண்ட சர்க்கரையாக இருப்பதால் ஆறினாலும் பூத்துப் போகாது. வெல்லப்பாகு ஆறும்போது மணல்போல் பூக்கும், சில நேரம் கட்டியாக இறுகும். தேன் பதத்துக்கு நெருங்கி வரும், ஆனால் விரைவில் சிவந்துவிடும், சுவையும் தேனுடையதாகவே நிற்கும். சுவையாக இருக்கலாம், ஆனால் அன்சாக் என்று சொல்லாமல், ஓட்ஸ் பிஸ்கட் என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

குக்கி என்று பெயரிட்டு விற்பது

வீட்டில் தின்பதற்கு எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம். விற்பனை என்று வந்தால், ஆஸ்திரேலியாவில் அன்சாக் என்ற சொல்லுக்கு 1921ஆம் ஆண்டு விதிகளின்படி சட்டப் பாதுகாப்பு உண்டு. மரபான செய்முறையையும் வடிவத்தையும் ஒட்டியிருந்தால் பிஸ்கட்டுக்கு அப்பெயரை வைக்க இடமளிக்கிறார்கள். குக்கி என்று அழைப்பதை ஏற்பதில்லை. நிதி திரட்டும் மேசைக்குச் சாக்லேட் துண்டுகள் தூவி எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் உயிரிழந்தவர்கள் இருப்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு முறையானதாகவே படுகிறது.

சூட்டோடு டப்பாவில் அடைப்பது

உள்ளே நீர் வியர்த்து, மறுநாள் எல்லாம் தளர்ந்து ஒன்றாக ஒட்டியிருக்கும். கம்பித் தட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் கிடக்கட்டும். நன்றாக ஆறியபின் தகர டப்பாவில், அடுக்குக்கு ஒரு தாள் வைத்து மூடினால் ஒரு வாரத்துக்கு மேல் அதே பதத்தில் இருக்கும். என் தோழியர் அன்று மாலை இரண்டு டப்பாக்களைக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஒருவர் தேநீரில் நனைத்தபடி அனுப்பிய படத்தில், உடைந்த ஓரம் முறிந்தும் நடுப்பகுதி நாராக இழுபட்டும் இருந்தது.