செம்மண் வெளியில் மழைமேகம்: வாட்டர்கலரில் வரைய

ஐப்பசி மாலையில் காரைக்குடியை அடுத்த குன்றக்குடிப் பக்கம் வெட்டவெளியில் நின்றால், மேற்கு வெயில் செம்மண்ணில் சாய்ந்து விழும். கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வரும். தரை வெளிச்சம், வானம் கறுப்பு. படத்தின் உயிரே அந்தத் தலைகீழ்தான்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுக் காட்டன். மரக்கூழ்த் தாள் ஈரத்தைப் பிடித்துவைக்காது. அடிவானத்தைக் கீழ்க் கால்பங்கில் வையுங்கள்.

செட்டிநாட்டு வெக்கையில் தாள் மளமளவென்று காய்வதுதான் பெரிய தொல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, தாளின் இரு பக்கமும் தண்ணீர் தடவி 5 நிமிடம் ஊறவிட்டு, அக்ரிலிக் பலகையில் படியப் பரப்புங்கள். அடியிலும் ஈரம் இருப்பதால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

தேங்கிய நீர் வடிந்து, பட்டுத்துணி மாதிரி மினுமினுப்பு மட்டும் நிற்கும்போது தொடங்குங்கள். முதலில் அடிவானத்தை ஒட்டி நீர்த்த யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்). மேகத்துக்கு அல்ட்ராமரின் (ஆழ்நீலம்) 2 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 1 பங்கு கலந்த சாம்பல். மோர்ப் பதம் போதாது, தயிர்ப் பதம் வேண்டும். ஈரத்தில் கரைந்து, காய்ந்ததும் இன்னும் வெளிறும். 12ஆம் எண் உருண்டை பிரஷ்ஷால் மேகத்தின் அடிவயிற்றில் வையுங்கள். மேல்விளிம்பில் வெள்ளைத் தாளே மேகம்.

தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷ்ஷில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். மறந்தால், பாதி காய்ந்த இடத்தில் புதுநீர் பாய்ந்து வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரிக் கறை விழும். உடனே தேய்க்காதீர்கள், தாள் பிய்யும். முழுக்கக் காய்ந்தபின் ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தை மட்டும் இளக்கி, டிஷ்யூவால் ஒற்றுங்கள். தாலோ நீலம் கலந்திருந்தால் இதுவும் பலிக்காது. அது தாளில் சாயமாக ஏறிவிடும்.

தூரத்து மழைக்கு, ஈரம் இருக்கும்போதே பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி, மேகத்தைக் கீழே வழியவிட்டுப் பழையபடி படுக்கவையுங்கள்.

தரைக்கு அவசரம் வேண்டாம். புறங்கையை வைத்தால் தாள் சில்லென்று இருக்கிறதா? இன்னும் காயவில்லை. காய்ந்ததும் லைட் ரெட்டில் (செங்காவி) ஓக்கர் கலந்து ஒரே பூச்சு. இரண்டாவது பூச்சு வெளிச்சத்தைக் கொன்றுவிடும். தூரத்து மரவரிசைக்கு மேகச் சாம்பலையே நீர்க்க விடுங்கள். ஊருணி இருந்தால் அதற்கும் அதே சாம்பல்தான், நடுவே கிடையாக ஒரு வெள்ளைக் கீற்று. கிட்டத்துப் பனைமரம் கெட்டிக் கலவையில், ஒன்றோ இரண்டோ போதும். வானத்தை மறைக்காமல் ஓரமாக நிற்கட்டும்.