வெளிமாநிலத் துப்பாக்கி பெர்மிட்: பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருந்துகொண்டே, கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட்டை இன்னொரு மாநிலத்திடம் வாங்கலாம். அதிகம் பேர் போவது யூட்டா, ஃபுளோரிடா, அரிசோனா மூன்றுக்கும்தான். மூன்றுமே பயிற்சிச் சான்று கேட்கின்றன. ஆனால் எது பயிற்சி என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. யூட்டாவுக்கு வாங்கிய சான்றை ஃபுளோரிடாவுக்கு அனுப்பினால் திரும்பி வரலாம். அதனால் வகுப்பைத் தேடுவதற்கு முன் மாநிலத்தை முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது.

உங்கள் விசா என்ன?

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா ஆகியவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் (சுடும் பயிற்சி மையத்தில்) அரை மணி நேரத்துக்கு வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டு சிறை வரை போகும். விசாவும் கிரீன் கார்டு வாய்ப்பும் அதோடு போய்விடலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். "ஆபீஸ் டீமோடு ரேஞ்சுக்குப் போனோம், யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று நண்பர் சொல்வது சட்டம் ஆகாது.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஃபுளோரிடா அவர்களுக்கும் பெர்மிட் தருகிறது. அரிசோனா தன் மாநிலத்தில் குடியிருப்பவருக்கு அல்லது அமெரிக்கக் குடிமகனுக்கு மட்டுமே தருகிறது. டெக்சாஸில் இருக்கும் கிரீன் கார்டுக்காரர் அரிசோனாவுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை.

முதல் படி: மாநிலத்தின் விதியைப் படியுங்கள்

யூட்டாவில் பெர்மிட் தருவது அம்மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள குற்ற அடையாளப் பிரிவு. அவர்கள் சான்றளித்த பயிற்றுநரிடம், அவர்களுடைய பாடத்திட்டப்படிதான் படித்திருக்க வேண்டும். வகுப்பு யூட்டாவில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. சான்று பெற்ற பயிற்றுநர்கள் மற்ற மாநிலங்களிலும் இருக்கிறார்கள். சுட்டுக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. விண்ணப்பிக்கும் நாளில் சான்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பெர்மிட் 5 ஆண்டு செல்லும்.

யூட்டாவில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. உங்கள் சொந்த மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் சொந்த மாநில பெர்மிட்டை வாங்கி அதன் நகலை இணைக்க வேண்டும். 2011 முதல் இந்த விதி இருக்கிறது. டெக்சாஸ் யூட்டா பெர்மிட்டை ஏற்கிறது. எனவே டெக்சாஸ்காரர் டெக்சாஸ் உரிமம் இல்லாமல் யூட்டாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. நியூ ஜெர்சி ஏற்பதில்லை. அங்கிருப்பவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கையில் கிடைக்கும் யூட்டா பெர்மிட் நியூ ஜெர்சிக்குள் வெறும் அட்டைதான்.

ஃபுளோரிடாவில் உரிமம் தருவது விவசாயம் மற்றும் நுகர்வோர் சேவைகள் துறை. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே விவசாயத் துறைதான். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; உரிமம் 7 ஆண்டு செல்லும். என்.ஆர்.ஏ. (தேசியத் துப்பாக்கிச் சங்கம்) வகுப்பு, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, போலீஸ் அகாடமி அல்லது கல்லூரி நடத்தும் வகுப்பு, ராணுவத்தில் இருந்தவர்களுக்கு டிடி-214 என்ற பணி விடுவிப்பு ஆவணம் என்று பல வழிகளை ஏற்கிறார்கள். பயிற்றுநர் நடத்தும் வகுப்பென்றால், மாணவர் பாதுகாப்பாகத் துப்பாக்கியைக் கையாண்டு, உண்மையான தோட்டாவைச் சுட்டதைத் தன் கண்ணெதிரே பார்த்ததாகப் பயிற்றுநர் பதிவு வைத்திருக்க வேண்டும். எத்தனை தோட்டா என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வீடியோ பார்த்து, பத்துக் கேள்விக்கு விடை எழுதி அச்சடிக்கும் ஆன்லைன் சான்று இங்கே செல்லாது. இணையத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான்.

அரிசோனா இருப்பதிலேயே தாராளம். பயிற்சி கட்டாயமுள்ள வேறொரு மாநிலத்தின் பெர்மிட் உங்களிடம் இருந்தால், அது காலாவதியாகியிருந்தாலும், அதையே பயிற்சிச் சான்றாக ஏற்கும். டெக்சாஸ் உரிமம் உள்ள குடிமகனுக்கு இரண்டாவது வகுப்பே வேண்டாம்.

இரண்டாம் படி: பயிற்றுநரிடம் கேளுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். சான்று எந்த மாநிலத்துக்கு? உங்கள் சான்று எண்ணும் காலாவதித் தேதியும் என்ன? ரேஞ்சில் சுடுவது உண்டா? துப்பாக்கியும் தோட்டாவும் நீங்கள் தருவீர்களா?

யூட்டா பயிற்றுநரின் பெயர் குற்ற அடையாளப் பிரிவின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர் வைக்கும் முத்திரையில் அவருடைய பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும். முத்திரை எழுத்தின்மேல் விழுந்து எதுவும் மறையக் கூடாது. மறைந்திருந்தால் அங்கேயே வேறு படிவம் கேளுங்கள்.

மூன்றாம் படி: வகுப்பு நாள்

வகுப்பறைக்குள் தோட்டா கொண்டுபோகக் கூடாது. எல்லாப் பயிற்றுநரும் சொல்வது இது. சொந்தத் துப்பாக்கி என்றால் காலி செய்து, பெட்டியில் வைத்து, அவர் சொல்லும்வரை திறக்காமல் வைத்திருங்கள்.

யூட்டா வகுப்பில் ஏற்றுதல், இறக்குதல், பூட்டி வைத்தல், எடுத்துச் செல்லுதல், தற்காப்பில் எப்போது சுடலாம் என்ற சட்டம் எல்லாம் வரும். புதியவர்கள் திணறுவது இறக்குவதில். மேகசினை (தோட்டாக்களை அடுக்கிய உறை) கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா காத்திருக்கும். வரிசை இதுதான்: குழல் பாதுகாப்பான திசையில், விரல் விசைக்கு வெளியே. முதலில் மேகசினை எடுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இரண்டு மூன்று முறை பின்னால் இழுங்கள். பின்னிலையிலேயே பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். ஆனால் ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து இன்னொன்றை உள்ளே தள்ளிவிடும். கீழே விழுந்த தோட்டாவைப் பார்த்து 'காலி' என்று நம்பி விசையை இழுப்பவரின் கையில்தான் துப்பாக்கி வெடிக்கிறது.

ரேஞ்சில் சுட வேண்டுமென்றால் முதல் தடவைக்கு .22 காலிபர், அதாவது சிறிய தோட்டா போடும் பிஸ்டல் கேளுங்கள். உதைப்பு குறைவு, கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் தொற்றாது. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். கழுத்து இறங்கிய சட்டையோ புடவை ரவிக்கையோ வேண்டாம்: சூடான காலித் தோட்டா உள்ளே விழுந்தால், துள்ளிக் குதிப்பவர் கையில் துப்பாக்கி இருக்கும். வலக்கையால் சுடுபவரின் இடது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் இருந்தால் தோல் கிழியும். இரண்டு கட்டைவிரலும் இடப்பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். "சார், இது என்ன ஆச்சு?" என்று துப்பாக்கியோடு திரும்பினால் வகுப்பு அங்கேயே முடிந்தது.

நான்காம் படி: பெயர், கைரேகை

நம் பெயர்கள் இங்கே தனிச் சிக்கல். சான்றில் 'எஸ். முருகன்', ஓட்டுநர் உரிமத்தில் 'முருகன் சுப்பிரமணியன்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே காலி. ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் சான்றில் எழுதச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்து கிளம்புவதற்கு முன்னால் சரிபாருங்கள்.

கைரேகைக்கு எஃப்.டி-258 என்ற கைரேகைப் படிவ அட்டை. ஃபுளோரிடாவுக்குக் காவல்துறை அலுவலகத்தில் எடுத்திருக்க வேண்டும். நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே சீராக உருட்ட வேண்டும்: கட்டைவிரலை உடலை நோக்கி, மற்ற விரல்களை உடலுக்கு வெளியே. நீங்களே உருட்டாமல் கையைத் தளர்த்தி எடுப்பவரிடம் விட்டுவிடுங்கள். நாம் அழுத்துவதால்தான் மை கலங்குகிறது. தோல் வறண்டவர்கள் இரண்டு வாரம் முன்பிருந்தே இரவில் கிரீம் தடவிக்கொள்ளுங்கள், எடுக்கும் அன்று தடவ வேண்டாம். வியர்க்கும் கையை ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். அட்டையை மடிக்காமல், கெட்டி அட்டை வைத்த உறையில் அனுப்புங்கள். இரண்டு அட்டை எடுத்து ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். முதல் அட்டை நிராகரிக்கப்பட்டால் இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்காது.

பெர்மிட் வந்த பிறகு

நீங்கள் நிற்கும் மாநிலத்தின் சட்டம்தான் உங்களைக் கட்டுப்படுத்தும், பெர்மிட் தந்த மாநிலத்தின் சட்டம் அல்ல. மிச்சிகன், கொலராடோ போன்றவை பெர்மிட் தந்த மாநிலத்தில் குடியிருப்பவரின் பெர்மிட்டை மட்டுமே ஏற்கின்றன. உங்களுடைய வெளிமாநில பெர்மிட் அங்கே உதவாது. பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்திலும், பெர்மிட்டுக்கான விலக்கு அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே பெர்மிட் தந்திருந்தால்தான் உண்டு. யூட்டா பெர்மிட்டோடு வேறு மாநிலத்தில் பள்ளித் தெரு வழியே காரில் போகிறவர் துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் அரசுத் தளத்திலும் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். பட்டியல்கள் மாறுகின்றன, போன வருடம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.